முதலில் நிற்கட்டும், பிறகு திரும்பட்டும்: டிராக் காரை மாற்றியமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில், நான்காவது சுற்றில், என் ஸ்விஃப்டின் பிரேக் பெடல் தரை வரை போய்விட்டது. இரண்டாவது முறை மிதித்தேன், பஞ்சை மிதித்த மாதிரி இருந்தது. மூன்றாவது மிதியில் கொஞ்சம் பிடித்தது. அதற்குள் திருப்பம் வந்துவிட்டது. வண்டி தடத்தைவிட்டு மண்ணில் இறங்கி, புழுதிக்குள் முனகிக்கொண்டு நின்றது. எனக்கும் வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காரைக்குடிக்குத் திரும்பிய சுமார் 300 கி.மீ. தூரமும் ஒரே கணக்குதான் மனதில் ஓடியது. அந்த வண்டியில் அதுவரை நான் என்னென்ன மாற்றியிருந்தேன்? தாழ்வான ஸ்பிரிங், பிடி அதிகமுள்ள டயர், பின்பக்கத்துக்குத் தடித்த ஸ்டேபிலைசர் பார் (திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி). பிரேக் ஆயிலைத் தொடவே இல்லை. முந்தைய சர்வீஸில் ஒரு பட்டறையில் "மாத்தியாச்சு" என்றார்கள், நம்பினேன். கழற்றிப் பார்த்தபோது கடுங்காப்பி நிறத்தில் வந்தது.

அன்றிலிருந்து ஒரு வரிசையை விடாமல் பின்பற்றுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் இப்போது நிறைய இளைஞர்கள் பழைய ஸ்விஃப்ட், போலோ, எஸ்டீம் வாங்கி டிராக்குக்குக் கொண்டுபோக ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்காக அந்த வரிசையை முழுதாக எழுதுகிறேன்.

வரிசை ஏன் முக்கியம்

60 மீட்டர் ஆரமுள்ள ஒரு திருப்பம். சாதாரண டயரில் பிடிமானம் வண்டி எடையில் 0.9 பங்கு என்று வைத்துக்கொண்டால் அதை அதிகபட்சம் மணிக்கு 83 கி.மீ. வேகத்தில் சுற்றலாம். நல்ல டயர் போட்டு, கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்; உள்ளே சாய்ந்தால் மைனஸ்) சரிசெய்து பிடிமானத்தை 1.1-க்கு ஏற்றினால் அது 92 கி.மீ. ஆகும். 9 கி.மீ.தானே கூடியது என்று தோன்றும். ஆனால் ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அந்த 9 கி.மீ.க்கு வண்டி சுமக்கும் ஆற்றல் 22 சதவீதம் கூடிவிடுகிறது. பிடி விட்டுப்போகும் நாளில் அந்தக் கூடுதல் ஆற்றலோடுதான் மண்ணிலோ டயர் சுவரிலோ போய் மோதுவோம்.

ஆக, ஹேண்ட்லிங்கை, அதாவது வண்டி திரும்பும் திறனைக் கூட்டும் ஒவ்வொரு வேலையும் ஒரு கடன். நிறுத்தும் சக்தியாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவரின் பாதுகாப்பாலும் அந்தக் கடனை முன்கூட்டியே அடைத்திருக்க வேண்டும். நான் அதைத் தலைகீழாகச் செய்திருந்தேன்.

படி 1: இந்த வண்டி எதற்கு?

சாலையிலும் ஓடும், எப்போதாவது டிராக்குக்கும் போகும் வண்டியா? அல்லது டிரக்கில் ஏற்றிக்கொண்டு போய் டிராக்கில் மட்டும் இறக்கும் வண்டியா? பணம் செலவழிக்கும் முன் இதை முடிவு செய்துவிடுங்கள். இரண்டுக்கும் பாதுகாப்பு ஏற்பாடு வேறு வேறு. ஒன்றின் பாதியையும் மற்றதன் பாதியையும் கலப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. ஏன் என்பது நான்காவது படியில் வரும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் வரலாம். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது 189-ஆவது பிரிவின்படி குற்றம். வழக்கமான இன்சூரன்ஸ் பாலிசியைப் புரட்டிப் பாருங்கள். பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு அது பொருந்தாது என்று எழுதியிருக்கும். டிராக்கில் வண்டி நசுங்கினால் செலவு முழுக்க நம் கையிலிருந்துதான். முழு வண்டியையும் இழந்தால் தாங்க முடியுமா என்று வீட்டில் பேசிவிட்டு ஆரம்பியுங்கள்.

படி 2: தேய்ந்ததை மாற்று, துருவைத் தேடு

பத்து வருஷம் ஓடிய வண்டிக்குப் புது ஸ்பிரிங் போடுவதைவிட, லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுண்ட், வீல் பேரிங் இவற்றைக் கம்பெனிப் பொருளாக வாங்கி மாற்றினால் அதிகப் பலன் கிடைக்கும். புஷ் ரப்பர் கிழிந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் தள்ளப்படும். அந்தக் கணத்தில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறி, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பிறகு எத்தனை ஆயிரம் கொடுத்து அலைன்மெண்ட் செய்தாலும், செய்த அளவு ஓடும்போது இருக்காது.

அடுத்தது துரு. காரைக்குடியில் வெயில் அதிகம், துரு குறைவு. ஆனால் இங்கே விற்பனைக்கு வரும் பழைய வண்டிகளில் பல சென்னையிலிருந்தோ தொண்டிக் கடற்கரைப் பக்கமிருந்தோ வருபவை. உலோக அரிப்பையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் நம் ஊரில் இயங்குகிறது. அந்த ஊர்க்காரர்கள் துருவைப் பார்க்காமல் வண்டி வாங்கக் கூடாது. ஸ்ட்ரட் டவரின் விளிம்பு, பின் அச்சு பாடியோடு சேரும் இடம், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம், ஜாக்கி வைக்கும் இடம், இந்த நான்கையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். மக்கியது மொத்தென்று சத்தமிடும், சில நேரம் பெயிண்டோடு பெயர்ந்து வரும். பெயர்ந்தால் அந்த வண்டியில் வேறு எதையும் மாற்றாதீர்கள். பெல்ட்டும் கேஜும் (வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவரைக் காக்கும் இரும்புக்குழாய்க் கூடு) அந்த இரும்பை நம்பித்தான் நிற்கும்.

படி 3: பிரேக்

ஆள் உட்பட 1,050 கிலோ எடையுள்ள வண்டியை 140 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்குக் குறைத்தால் சுமார் ஆறரை லட்சம் ஜூல் வெப்பம் பிறக்கும். இரண்டு லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அவ்வளவு சூடும் மூன்று நான்கு வினாடிக்குள் டிஸ்க்கிலும் பேடிலும் இறங்குகிறது. அடுத்த திருப்பத்தில் மறுபடி. சாலையில் ஆறுவதற்கு நேரம் இருக்கும், டிராக்கில் இருக்காது.

முதல் வேலை பிரேக் ஆயில். டாட் என்பது அதன் தர எண். தரக்கட்டுப்பாட்டின்படி டாட் 3 புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிவிட்டால் 140-க்குக் கீழே. டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருஷம் கிடந்தால் இந்த இரண்டாவது எண்ணை நோக்கி இறங்கிவிடும். பிரேக்கின் சூடு அந்த எண்ணை எட்டியதும் குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டாகும். ஆவி நசுங்கும், திரவம் நசுங்காது. பெடல் தரைக்குப் போவது அதனால்தான். டிராக் நாளுக்கு முந்தைய வாரத்தில் சீல் உடைக்காத புது டப்பாவைத் திறந்து, கையேட்டில் சொன்ன சக்கர வரிசையில் பழையது முழுக்க வெளியேறும் வரை பிளீட் செய்யுங்கள். உங்கள் கண் முன்னால் நடக்கட்டும். மிச்சத்தை அடுத்த முறைக்கு எடுத்து வைக்காதீர்கள். டாட் 5 என்று மட்டும் போட்டிருப்பது சிலிகான் வகை. எண் பெரியது என்று அதை வாங்கி மற்றதோடு கலந்துவிட வேண்டாம்.

இரண்டாவது பேட். சாலைப் பேட் சூடேறியதும் வழுக்கும். அதற்காக முழுப் பந்தயப் பேட் போட்டு சாலையில் ஓட்டுவதும் தப்பு, குளிர்ந்த நிலையில் அது சரியாகப் பிடிக்காது. சந்தைக்குப் போகும் வழியில் ஒரு ஆடு குறுக்கே வந்தால் அந்த முதல் மிதிதான் நம்மைக் காக்க வேண்டும். சாலைக்கும் டிராக்குக்கும் நடுவில் உள்ள பேடை வாங்குங்கள். புதுப் பேடை டிராக்கின் முதல் சுற்றுகளில் மிதமாகப் பிடித்துப் பிடித்து, முழுதாக நிறுத்தாமல் சூடேற்றி, பிறகு பிரேக்கே தொடாமல் ஒரு சுற்று ஓட்டி ஆறவிட வேண்டும். பளபளப்புக்காக ஓட்டை போட்ட டிஸ்க் வேண்டாம், சூட்டில் ஓட்டையைச் சுற்றி விரிசல் விழும். ஓட்டையில்லாத நல்ல டிஸ்க் போதும்.

மூன்றாவது ஹோஸ். பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்பும். ஸ்டீல் பின்னல் போட்டது உப்பாது, பெடல் கெட்டியாக இருக்கும். ஆனால் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, எங்கும் உரசவில்லை, இழுபடவில்லை என்று பார்த்த பிறகே வண்டியை இறக்குங்கள்.

முன்னால் மட்டும் பெரிய பிரேக் மாட்டினால் முன்பின் பங்கீடு கெடும். முன்சக்கரம் சீக்கிரமே பூட்டிக்கொள்ளும், பின்சக்கரம் தன் பங்கைச் செய்யாது. நிற்கும் தூரம் குறைவதற்குப் பதில் கூடவும் செய்யலாம். ஸ்விஃப்ட் போன்ற எடை குறைந்த வண்டிக்கு நல்ல ஆயிலும் நல்ல பேடும் சுத்தமான பின் டிரம்மும் போதும். ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருந்தால் அதைத் துண்டிக்காதீர்கள்.

படி 4: உட்காருமிடம்

இங்கே நான் நிதானமாக எழுதப்போகிறேன். அதிக ஆபத்தான வேலைகள் நல்ல எண்ணத்தோடு நடப்பது இந்த இடத்தில்தான்.

கம்பெனி கொடுத்த சீட், மூன்று புள்ளி பெல்ட், ஏர்பேக், நசுங்கும்படி வடிவமைத்த பாடி, இவை நான்கும் சேர்ந்து ஒரே அமைப்பு. அதில் ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவை கெடும்.

ஒருவர் கம்பெனி சீட்டை வைத்துக்கொண்டு நான்கு புள்ளி ஹார்னஸ் (பந்தய வண்டியில் உடலை இருக்கையோடு இறுக்கும் பட்டை) கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தோள் பட்டைகளை இறுக்கும்போது இடுப்புப் பட்டை மேலே ஏறி வயிற்றுக்கு வந்துவிடும். மோதும்போது உடல் பட்டைக்கு அடியில் வழுக்கிப் போகும், வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகள்தான் அடியை வாங்கும். அதைத் தடுக்கத்தான் ஆறு புள்ளி ஹார்னஸில் தொடைக்கு நடுவே இரண்டு பட்டைகள் வருகின்றன. இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், வயிற்றின் மேல் அல்ல. அடுத்து, தோள் பட்டையைப் பின் சீட் பெல்ட்டின் தரை போல்ட்டில் கட்டினால் பட்டை செங்குத்தாகக் கீழே இழுக்கும். மோதலின் விசை முதுகெலும்பை மேலிருந்து அழுத்தும். பட்டை தோளுக்கு நேர் பின்னால், அல்லது சற்றே இறங்கி, ஒரு குறுக்குக் குழாயில் கட்டப்பட வேண்டும்.

சரி, ஆறு புள்ளி ஹார்னஸ் கட்டிவிட்டோம். இப்போது உடல் அசையாது. வண்டி கவிழ்ந்து கூரை இறங்கினால்? மூன்று புள்ளி பெல்ட்டில் மேலுடல் பக்கவாட்டில் சாய இடமிருந்தது. ஹார்னஸில் அது இல்லை, தலையும் கழுத்தும் கூரையைத் தாங்கும். எனவே ஹார்னஸுக்கு ரோல் கேஜ் வேண்டும். உடல் கட்டுண்டு தலை மட்டும் முன்னால் பாயும்போது மண்டையோட்டின் அடிப்பகுதி தாங்காது, எனவே ஹான்ஸ் போன்ற கழுத்துக் காப்பு வேண்டும். ஹான்ஸ் மாட்ட அதற்கேற்ற ஹெல்மெட் வேண்டும், பட்டை நுழையும் துளைகளுள்ள பக்கெட் சீட் வேண்டும். சங்கிலிபோல் ஒன்றை ஒன்று இழுக்கிறது.

எனவே இரண்டே நிலைதான் சரி. ஒன்று, கம்பெனி அமைப்பு அப்படியே, கூடவே ஹெல்மெட். இரண்டு, கேஜ், பக்கெட் சீட், ஆறு புள்ளி ஹார்னஸ், ஹான்ஸ் எல்லாம் சேர்ந்தது, சாலைக்கு வராத வண்டியில். சாலையில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டும் வண்டிக்குள் கேஜ் வைத்தால், சின்ன மோதலிலும் தலைக்கு ஒரு சாணில் இரும்புக்குழாய் இருக்கும்.

கேஜ் பற்றி ஒரு சம்பவம். தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் என்னைத் தன் பட்டறைக்குக் கூப்பிட்டார். ஒரு பையன் கொண்டுவந்த வண்டிக்குள் அழகாகப் பெயிண்ட் அடித்த கேஜ் இருந்தது. "தம்பி, இந்த வளைவுல விரல வச்சுப் பாருங்க" என்றார். வளைவின் உட்பக்கத்தில் குழாய் மடிந்து சுருங்கியிருந்தது. நீளவாட்டில் தையல் மாதிரி ஒரு கோடு ஓடியது. "என்னண்ணே இது, தண்ணிக் குழாயா?" என்றேன். தலையாட்டினார். ஜன்னல் கம்பி செய்யும் பட்டறையில் வெல்டிங் போட்டிருந்த ஜி.ஐ. பைப். துத்தநாகப் பூச்சைச் சுரண்டாமல் பற்ற வைத்ததால் வெல்டிங்கில் பொத்தல் பொத்தலாக இருந்தது. அடிப்பாகம் மெல்லிய தகட்டுத் தரையின் மேல் வெறுமனே ஒட்டியிருந்தது. கவிழ்ந்தால் அந்தக் குழாய் தரையைக் குத்திக்கொண்டு கீழே இறங்கிவிடும்.

சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிப்படி முதன்மை வளையத்துக்குக் குளிர் இழுப்பில் செய்த, தையலில்லாத கார்பன் ஸ்டீல் குழாய் வேண்டும். 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், அல்லது 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம். மற்றக் குழாய்களுக்கு 38-க்கு 2.5, அல்லது 40-க்கு 2. ஒவ்வொரு காலுக்கும் அடியில் குறைந்தது 3 மி.மீ. கனமும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள தகடு, பாடியோடு சேர்த்து. தலைபடும் இடமெல்லாம் கெட்டியான தடுப்பு உறை. சாதாரண மென்மையான பஞ்சுறை போதாது. இது பந்தய வண்டி கட்டிப் பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், தூரம் பார்க்காதீர்கள்.

ஹெல்மெட் வாங்கும்போது ஸ்னெல் எஸ்.ஏ. தரச்சான்று உள்ளதை வாங்குங்கள். அது காருக்கானது, தீயைத் தாங்கும் சோதனையும் கேஜில் மோதும் சோதனையும் செய்தது. பைக் ஹெல்மெட்டுக்கு அந்தச் சோதனைகள் கிடையாது. ஹார்னஸிலும் சீட்டிலும் தயாரித்த வருஷம் தைத்தோ ஒட்டியோ இருக்கும். காலாவதியானதை "சும்மா கிடைச்சுது" என்று மாட்டாதீர்கள். வெயிலில் நைந்த பட்டை பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

தீயணைப்பான் ஒன்று, பெல்ட் கட்டியபடியே கை எட்டும் இடத்தில், இரும்புப் பட்டியால் போல்ட் போட்டு. பிளாஸ்டிக் கிளிப்பில் மாட்டினால் மோதலில் அதுவே பறந்து வந்து அடிக்கும். பேட்டரி கட்டு இறுக்கமாக இருக்கட்டும். எடை குறைக்க வேண்டுமென்றால் பின் சீட், ஸ்டெப்னி, கம்பளம் எடுங்கள். கதவுக்குள் இருக்கும் குறுக்கு இரும்பை மட்டும் தொடாதீர்கள், பக்கவாட்டு மோதலில் நமக்கும் வெளியுலகுக்கும் நடுவே இருப்பது அது ஒன்றுதான்.

படி 5: டயரும் சக்கரமும்

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஐந்து வருஷம் தாண்டிய டயரை, பட்டன் எவ்வளவு இருந்தாலும், நான் டிராக்கில் ஓட்டுவதில்லை. நம் ஊர் வெயிலில் நிறுத்திய வண்டிக்கு ரப்பர் இன்னும் சீக்கிரம் கெட்டியாகும்.

காற்று குளிர்ந்த நிலையில் 30 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்குங்கள். நாலைந்து சுற்றில் 36, 37-க்கு ஏறும். உள்ளே வந்ததும் 34-க்கு இறக்கிப் பாருங்கள், பிறகு உங்கள் வண்டிக்கு எது பொருந்துகிறது என்று குறித்து வையுங்கள். டயர் தோளில் சாக்பீஸால் கோடு போட்டு, அது எதுவரை அழிகிறது என்று பார்ப்பது நல்ல வழி. பக்கச் சுவர் வரை அழிந்தால் காற்று குறைவு.

எங்கள் பக்க மாட்டுவண்டிப் பந்தயத்தில் வண்டியைப் பூட்டுவதற்கு முன் கடையாணியைத் தட்டிப் பார்ப்பார்கள். காரில் அந்தக் கடையாணி வீல் நட்டுகள். ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ள ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் வளையம்) போட்டால் ஸ்டட்டில் நட்டு ஏறும் மரை குறையும். 12 மி.மீ. ஸ்டட்டுக்குக் குறைந்தது 12 மி.மீ. மரையாவது நட்டுக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் நீளமான ஸ்டட் மாற்றுங்கள். அலாய் வீலின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரியதாக இருந்தால் நடுவளையம் போடுங்கள். நட்டின் சரிவு வடிவமும் வீலின் சரிவும் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கியதை நம்பாமல் டார்க் ரெஞ்சில் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஆறவிட்டு மறுபடி.

படி 6: சஸ்பென்ஷன்

இப்போதுதான் ஸ்பிரிங் பக்கம் வருகிறோம். தாழ்த்தினால் வண்டி ஒட்டிக்கொண்டு ஓடும் என்ற நம்பிக்கை பலமாக இருக்கிறது. கணக்கைப் பாருங்கள்.

1,050 கிலோ வண்டி, எடை மையம் தரையிலிருந்து 52 செ.மீ., இரு சக்கர இடைவெளி 148 செ.மீ., புவியீர்ப்பில் 0.9 பங்கு விசையோடு திரும்புகிறது. உள்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு மாறும் பளு சுமார் 332 கிலோ. 3 செ.மீ. தாழ்த்துங்கள், அது 313 கிலோ ஆகும். குறைந்தது 19 கிலோ, அதாவது நூற்றுக்கு ஆறுகூட இல்லை. ஸ்பிரிங்கை எவ்வளவு கெட்டியாக்கினாலும் இந்த மொத்தம் மாறாது. முன்னுக்கும் பின்னுக்கும் அது எப்படிப் பிரிகிறது என்பது மட்டுமே மாறும்.

அந்த ஆறு சதவீதத்துக்கு என்ன விலை? நம்முடைய சின்னக் கார்களில் முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக அமைந்தது. வண்டியைத் தாழ்த்தும்போது எடை மையம் இறங்குவதைவிட, பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர் வேகமாக இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே தூரம் கூடி, வண்டி முன்னைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும். லோயர் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால் கேம்பரும் கெடும். ஷாக் தண்டின் பயணம் தீர்ந்து ரப்பர் ஸ்டாப்பரில் இடிக்கும்போது பிடி சட்டென்று அறுந்துபோகும். நடுத்திருப்பத்தில் இது நடந்தால் திருத்த நேரம் கிடைக்காது. 15 முதல் 25 மி.மீ. வரை தாழ்த்துவது போதும், அதுவும் அந்த ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷாக்கோடு சேர்த்து.

ஸ்பிரிங்கை வெட்டவே வெட்டாதீர்கள். கேஸ் வைத்துச் சூடாக்கி உட்கார வைப்பதும் வேண்டாம். சூட்டில் இரும்பின் பதம் போய்விடும். வெட்டிய ஸ்பிரிங், சக்கரம் தொங்கும்போது தன் இருக்கையிலிருந்து கழன்றுவிடும். டிராக்கின் கர்ப் கல்லில் ஏறி இறங்கும்போது சக்கரம் தொங்கும் நொடி நிச்சயம் வரும்.

பிடி கூட்டச் சிக்கனமான வழி கேம்பர்தான். ஸ்ட்ரட்டின் அடி போல்ட்டுக்குப் பதிலாகக் கேம்பர் போல்ட் போட்டால் ஒரு டிகிரிக்கு மேல் கிடைக்கும். சாலைக்கும் ஓடும் வண்டிக்கு முன்னால் மைனஸ் 1.5, டிராக் வண்டிக்கு மைனஸ் 2 முதல் 2.5. முன் டோவைச் சுழியம் வையுங்கள், அல்லது மிகச் சிறிதாக வெளியே. பின் டோ வெளியே போகவே கூடாது. நேர்பாதையில் வாலாட்டும்.

பின்பக்க ஸ்டேபிலைசர் பாரைத் தடிப்பாக்கினால் முன்சக்கர இழுவை வண்டி நன்றாகத் திரும்பும், உண்மை. ஆனால் திருப்பத்தின் நடுவே பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்பக்கம் வெளியே வீசும். பழகாதவர்கள் அத்தனை பேரும் பயந்தால் செய்வது அதைத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இரண்டு மடங்கு ஆபத்து. முன்பக்கம் வழுக்கிச் செல்லும் வண்டி மந்தமாகத் தோன்றினாலும், வேகம் குறைந்தால் தானே திரும்பிவிடும். முதல் பத்து டிராக் நாட்களுக்கு அந்த மந்தத்தை வைத்துக்கொள்ளுங்கள். நான் அந்தப் பாரைக் கழற்றி, இரண்டு வருஷம் கழித்துத்தான் மறுபடி மாட்டினேன்.

படி 7: கொட்டகையிலேயே அளப்பது

எங்கள் வீடும் இங்குள்ள பல வீடுகளைப் போல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. பின்வாசல் கொட்டகைதான் என் பட்டறை. அங்கே தரை மட்டமாக இருக்கிறது என்று நம்பினேன். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபைக் கடன் வாங்கி, நான்கு சக்கரமும் நிற்கும் இடங்களைப் பார்த்தால் ஒரு மூலை 14 மி.மீ. பள்ளம். மழைத்தண்ணீர் ஓட அப்படிச் சரித்துக் கட்டியிருக்கிறார்கள். மட்டமில்லாத தரையில் எடுக்கும் உயர அளவும் கேம்பர் அளவும் பொய். பிளைவுட் துண்டுகளை அடுக்கி மட்டம் செய்தேன். மிச்சமிருந்த ஆத்தங்குடிக் கல்லை வைக்க ஆசை வரும், வைக்காதீர்கள். அடியில் ஒரு மணல் துணுக்கு இருந்தாலும் சக்கரம் ஏறியதும் விரிசல் விடும்.

கேம்பருக்குத் தூக்குக்குண்டு போதும். சக்கரத்துக்கு வெளியே நூலைத் தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி, கீழ் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி, இரண்டையும் அளக்க வேண்டும். விளிம்பிலிருந்து விளிம்பு 380 மி.மீ. என்றால், மேலே 13 மி.மீ. கூடுதலாக இருப்பது மைனஸ் 2 டிகிரி. டோவுக்கு வண்டியின் இரு பக்கமும் நான்கு ஸ்டாண்டுகளில் கட்டட நூலை இழுத்துக் கட்டி, ஹப் நடுவிலிருந்து சம தூரம் வைத்து, ரிம்மின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் அளக்க வேண்டும். ஒரு மி.மீ. வித்தியாசம் ஏறத்தாழ 0.15 டிகிரி. ஓட்டுநர் சீட்டில் உங்கள் எடைக்கு ஒரு மூட்டை வையுங்கள். பெட்ரோல் டிராக் நாளில் இருக்கும் அளவு இருக்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், இரண்டு ஸ்டாண்ட் கண்டிப்பாக.

கேம்பரை மாற்றினால் டோ தானாக மாறும். எனவே கேம்பர் முதலில், டோ பிறகு. எல்லா எண்ணையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள்.

படி 8: சோதிப்பது

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். மூன்றைச் சேர்த்து மாற்றினால், கெட்டது எதனால் என்று தெரியாது.

சோதிக்கும் இடம் டிராக் மட்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செட்டிநாட்டில் போட்ட பழைய விமானத் தளத்தின் நீண்ட நேர்பாதை பலர் கண்ணைப் பறிக்கும். அங்கே கொடி காட்டி எச்சரிக்கும் மார்ஷல் இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை, குறுக்கே வருபவரைத் தடுக்க யாரும் இல்லை. புதுக்கோட்டை நெடுஞ்சாலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செட்டிப்பாளையத்து டிராக் 2.1 கி.மீ. சின்னது, வேகம் மிதமானது, புது அமைப்பைப் புரிந்துகொள்ள ஏற்றது. இருங்காட்டுக்கோட்டையில் உள்ள சென்னை டிராக் 3.7 கி.மீ., வேகத் திருப்பங்கள் உள்ளது. பிரேக்கின் மேலும் டயரின் மேலும் நம்பிக்கை வந்த பிறகு அங்கே போங்கள்.

மாற்றம் செய்ததும் முதல் ஓட்டத்தை எழுபது சதவீத வேகத்தில் ஓட்டுங்கள். பெடல் உயரம் மாறுகிறதா, ஸ்டீயரிங் நடுவிலிருந்து விலகுகிறதா, எரிந்த வாசனை வருகிறதா என்று கவனியுங்கள். மேம்பட்ட டயரையோ ஸ்பிரிங்கையோ வாங்கும் பணத்தில் ஒரு நாள் பயிற்சியாளரோடு ஓட்ட வாய்ப்புக் கிடைத்தால் பயிற்சியை எடுங்கள். கண்ணை எங்கே வைப்பது என்று அவர் திருத்தியதில் எனக்குக் கிடைத்த நேரம், எந்தப் பொருளிலும் கிடைக்கவில்லை.

படி 9: அந்த நாளும் திரும்பும் வழியும்

பங்குனி, சித்திரை வெயிலில் ஹெல்மெட்டுக்குள் தலை கொதிக்கும். ஒவ்வொரு ஓட்டமும் 15 நிமிஷம் போதும். கடைசிச் சுற்றை பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீர்கள், சூட்டில் பின் டிரம் பிடித்துக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வண்டியைவிட்டு இறங்கி நீர்மோரோ உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ குடியுங்கள். களைத்த பிறகு ஓடும் "இன்னும் ஒரு ஓட்டம்" வேண்டாம்.

திரும்புவதற்கு முன் ஒன்றைப் பலரும் மறக்கிறார்கள். சூட்டில் 34-க்கு இறக்கிய காற்று, டயர் ஆறியதும் 27, 28-க்கு வந்துவிடும். அப்படியே திருச்சி சாலையில் நூறில் ஓட்டினால் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கலாம். கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றை நிரப்புங்கள். வீல் நட்டை இன்னொரு முறை இறுக்குங்கள். பேடின் கனத்தை டார்ச் அடித்துப் பாருங்கள், வீடு சேர 300 கி.மீ. இருக்கிறது. புறப்படும் முன் பிரேக்கை மூன்று தரம் மிதியுங்கள். பெடல் மேலேயே நின்றால் கிளம்பலாம்.